படுக்கையறைக் கதவில் சத்தம் தடுப்பது எப்படி?

இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவன் நான். ஹாலில் ஓடும் டிவி சத்தம் அப்படியே உள்ளே வருகிறது. கதவு உள்ளே கூடாக இருக்கும் ஃப்ளஷ் டோர். அடியில் விரல் நுழையும் இடைவெளி வேறு. காற்று நுழைகிற இடத்தில் சத்தமும் நுழையும் என்பதால் முதலில் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டினேன். பேச்சு மங்கியது, இரைச்சல் போகவில்லை. (சீரியல் வசனம் புரியாததே பெரிய நிம்மதி.)

முட்டைத் தட்டு, ஃபோம் யோசனை வேண்டாம். அவை அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். எடைதான் சத்தத்தைத் தடுக்கும். அதனால் கதவின் மேல் 12 மி.மீ. பிளைவுட் அடிக்கலாமா? பழைய கீல் 2 தாங்குமா, மூன்றாவது போட வேண்டுமா? அப்புறம், கதவை மூடினால் தானாக இறங்கி அடி இடைவெளியை அடைக்கும் பட்டை (அடிச்சீல்) மேடுபள்ளமான தரையில் சரியாகப் படிகிறதா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.