பின்னிதழ் வேண்டாங்க: பழைய ஹாம் புத்தகங்களுக்கு ஒரு சொல்

ஹாம் சொற்களுக்குத் தமிழ் அட்டவணை போடுகிற குழுவினருக்கு வணக்கம். (புதியவர்களுக்கு: ஹாம் என்றால் பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்துப் பேசுகிறவர்.)

> 'பேக் இஷ்யூ' என்பதற்குப் 'பின்னிதழ்' என்று போட்டுவிடலாமா? அட்டவணையில் அந்தக் கட்டம் மட்டும்தான் காலியாக இருக்கிறது.

ஈரோட்டு அண்ணன் இப்படிக் கேட்டு மூன்று நாள் ஆகிறது. பேக் இஷ்யூ என்றால் ஏற்கெனவே வந்துபோன பழைய இதழ். யாரும் மறுத்து எழுதவில்லை, சரி என்று நினைத்து ஏற்றிவிடுவாரோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன். பின்னிதழ் வேண்டாங்கண்ணா. காலத்தைச் சொல்லும்போது நமக்குப் பின் என்றால் அப்புறம் வருவது. பின்னாளில், பிற்பகல், பிற்காலம் எல்லாம் அப்படித்தானே. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பின்தேதியிட்ட காசோலை என்றால் என்னவென்று நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள், வாங்கி வாங்கி நொந்தவர்கள். அது வரப்போகிற தேதி போட்ட செக். அந்தக் கணக்கில் பின்னிதழ் என்றால் அடுத்த மாதம் வரப்போகிற புத்தகம். எனக்கு வேண்டியது 1964இல் வந்த புத்தகம்.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, இந்தக் குழப்பமே கிடையாது. வாரப் புத்தகங்களை அக்கம்பக்கத்து வீடுகளில் மாற்றி மாற்றிப் படிப்பார், "மிந்தின வாரத்துப் புஸ்தகம் இருக்குதா கண்ணு" என்றுதான் கேட்பார். மிந்தி என்றால் முந்தி. அதனால் என் ஓட்டு முன்னிதழ்.

இதற்குத் திருப்பூர் நண்பர் தனிமடலில் ஒரு மறுப்பு அனுப்பியிருந்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டு இங்கே ஒட்டுகிறேன்.

> முன்பதிவு, முன்பணம், முன்னோட்டம் என்று இத்தனை சொல் இருக்கும்போது முன்னிதழ் என்றால் அட்வான்ஸாக வருகிற இதழ் என்று நினைக்க மாட்டார்களா?

நல்ல கேள்விதான். ஆனால் பாருங்கள், முன்பணம் என்பது வேலைக்கு முன்னால் கொடுத்த பணம். முன்பதிவு என்பது பயணத்துக்கு முன்னால் செய்த பதிவு. எல்லாவற்றிலும் முன் என்பது 'அதற்கு முந்தி' என்ற ஒரே பொருளில்தான் நிற்கிறது, எதற்கு முந்தி என்பதுதான் மாறுகிறது. இந்த இதழுக்கு முந்திய இதழ் முன்னிதழ். நம் முன்னோர் நமக்கு முந்திப் பிறந்தவர்கள், அட்வான்ஸாகப் பிறக்கப்போகிறவர்கள் இல்லையே.

இந்த ஒரு கட்டத்துக்காக ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று கேட்பீர்கள். வீட்டில் அட்டாலி முழுக்க இருப்பது அதுதான். கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்குப் பாட கைடுகளுக்கு அடியில் நைலான் கயிற்றில் கட்டின ஒரு கட்டு கிடந்தது. மேலே இருந்த புத்தகத்துக்கு அட்டை இல்லை. உள்ளே புரட்டினால் வால்வு சர்க்யூட். கடைக்காரர் அவிழ்த்துக்கூடக் காட்டவில்லை, எடை போட்டுக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், சட்டை முழுக்க மக்கின காகிதத் தூசி. வீட்டில் எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது. பெரும்பாலும் 'செவன்டி த்ரீ' (73), நடுவில் நாலைந்து 'க்யூ.எஸ்.டி.', இரண்டும் அமெரிக்க ஹாம் மாத இதழ்கள், எல்லாம் 1960களில் வந்தவை.

(இடையில் ஒரு வார்த்தை. இந்த இதழ்ப் பெயர்களையும் தமிழாக்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். வேண்டாம். க்யூ.எஸ்.டி. என்பது எல்லா நிலையங்களுக்கும் பொதுவான அறிவிப்பு, 73 என்பது அன்பு வணக்கம், 'சி.க்யூ.' என்பது யாராவது இருக்கிறீர்களா என்ற அழைப்பு. மூன்றும் மோர்ஸ் காலத்துக் குறிகள். அவற்றைப் பெயர்த்தால் காற்றில் யாருக்கும் புரியாது.)

> 73 முழுவதும் ஸ்கேனாகக் கிடைக்கிறதே, அண்ணா. எதற்கு மூட்டை தூக்குகிறீர்கள்?

பொள்ளாச்சித் தங்கை கேட்டது. உண்மைதான் அம்மா. 1960 அக்டோபரில் தொடங்கி 2003 செப்டம்பரில் நின்ற வரைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது, காசு கிடையாது. ஏதாவது தேட வேண்டுமென்றால் நானும் அங்கேதான் போகிறேன். ஆனால் திரையில் தேடினதை மட்டும் படிப்போம். காகிதத்தில் தேடாததைப் படிப்போம். ஆன்டெனா கட்டுரைக்குப் போகிற வழியில் வாசகர் கடிதத்தில் மாட்டிக்கொள்வேன். குரலை அனுப்ப ஏ.எம். என்ற பழைய முறையைப் பிடித்துக்கொண்டவர்களும் எஸ்.எஸ்.பி. என்ற புது முறைக்கு மாறினவர்களும் மாதக்கணக்கில் போட்ட சண்டை இருக்கிறதே, ஏ.எம்.காரருக்கு எஸ்.எஸ்.பி. வாத்து கத்துகிற மாதிரி, எஸ்.எஸ்.பி.காரருக்கு ஏ.எம். பாண்டையே, அதாவது அலைவரிசையையே, அடைத்துக்கொண்டு நிற்கிற மாட்டுவண்டி, நம் பக்கத்து வாய்க்கால் தண்ணீர்த் தகராறு தோற்றுப்போகும். விளம்பரங்கள் இன்னும் சுவை. இன்றைக்குத் தூக்க இரண்டு ஆள் வேண்டிய பெட்டிகளை அன்றைக்கு மேஜை மேல் அடக்கமாக உட்கார்கிறது என்று படம் போட்டு விற்றிருக்கிறார்கள்.

1961 டிசம்பர் 12 அன்று ஹாம்களே கட்டின முதல் செயற்கைக்கோள் ஆஸ்கர் 1 மேலே போனது. அது சுமார் மூன்று வாரம் மோர்ஸில் 'எச்.ஐ.' என்று, நாலு புள்ளி ரெண்டு புள்ளி, அது மட்டுமே சொல்லிக்கொண்டு சுற்றியது. ஹாம்களுக்கு அது சிரிப்புக்கான குறி. இதெல்லாம் இன்று நமக்கு வரலாறு. அந்த வருட இதழில் படித்தால் நேற்று நடந்தது, இன்னும் முடியவில்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் மூட்டை.

இன்னொன்றும் உண்டு. என் கட்டுக்கு முன்பு ஒரு சொந்தக்காரர் இருந்தார். பெயர் எங்கும் இல்லை, பென்சில்தான் இருக்கிறது. ஒரு 40 மீட்டர் ரிசீவர் கட்டுரை, அதில் 22 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) எனாமல் கம்பியை நெருக்கமாகச் சுற்றச் சொல்லியிருந்தார்கள். நான் நேராகக் காந்திபுரம் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய் 22 கேஜ் கேட்டேன், கொடுத்தார்கள், சுற்றினேன். பாண்ட் டயலில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டு ராத்திரி மண்டை காய்ந்தது. மூன்றாம் நாள் பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்க ஓரத்தில், பென்சிலில், சின்ன எழுத்தில்: "கேஜ் வேற". அவ்வளவுதான்.

அமெரிக்கப் புத்தகம் சொல்வது அவர்கள் ஊர் கேஜ், அதில் 22 என்றால் 0.64 மி.மீ. நம் வைண்டிங் கடையில் பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி., அதில் 22 என்றால் 0.71 மி.மீ. கம்பி தடித்தால் அதே சுற்றுக்குச் சுருள் நீளும், இண்டக்டன்ஸ் குறையும், அலைவெண் மேலே போகும். அந்த மனுஷரும் இதே ஊரில், இதே மாதிரி ஒரு வைண்டிங் கடையில் கம்பி வாங்கி, இதே மாதிரி ஏமாந்திருக்கிறார். ஸ்கேனில் அந்தப் பென்சில் இல்லை, தங்கை. எந்த ஸ்கேனிலும் இருக்காது.

சரி, சொல்லுக்கு வருவோம். முன்னிதழ் என்று வைத்துக்கொண்டாலும் சேகரிப்பவருக்கு அது மட்டும் போதவில்லை. வெளியிடுகிறவர் கண்ணில் இந்த மாதத்துக்கு முந்தியது எல்லாமே முன்னிதழ்தான். அலமாரி முன்னால் நிற்கிறவர் கண்ணில் படுவது ஓட்டை. 1965இல் மார்ச் இருக்கிறது, மே இருக்கிறது, ஏப்ரல் இல்லை. அந்த ஏப்ரலுக்கு என்ன பெயர்? 'போன மாசம் விட்டுப்போச்சு' என்றுதான் நாம் பேசுகிறோம், அதனால் அது விட்ட இதழ். சேர்த்தெழுதி 'விட்டிதழ்' என்று இலக்கணத்தைப் படுத்த வேண்டாம், இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். அப்புறம் வராத இதழ் ஒன்று உண்டு. க்யூ.எஸ்.டி. 1915 டிசம்பரில் தொடங்கியது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஹாம் நிலையங்களை எல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள், அந்த செப்டம்பருக்குப் பிறகு இதழும் நின்று 1919இல்தான் மறுபடி வந்தது. இது தெரியாமல் 1918ஆம் வருடத்து இதழைத் தேடி அலைந்தால் ஆயுசுக்கும் கிடைக்காது. மூன்றும் வேறு வேறு, ஒரே சொல்லில் ஒப்பேற்ற வேண்டியதில்லை.

போன வருடம் 'போட் ஆங்கர்' வந்தபோது இப்படித்தான் பேசினோம், ஞாபகம் இருக்கும். நகர்த்த முடியாத பழைய வால்வு பெட்டிக்கு அவர்கள் படகு நங்கூரம் என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். 'நங்கூரம்' என்றே போடலாம் என்று இரண்டு பேர் நின்றார்கள். கடலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம், பவானி ஆற்றில் பரிசல்தான் ஓடுகிறது என்று சொல்லி 'ஆட்டாங்கல்' என்று வைத்தோம். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்று காலை அண்ணனிடமிருந்து பதில் வந்திருக்கிறது.

> சரி தம்பி, செக் உதாரணம் நல்லா உறைச்சுது. முன்னிதழ் ஏற்றிவிட்டேன். விட்ட இதழையும் போடுகிறேன். வராத இதழ் எல்லாம் அட்டவணைக்கு வேண்டாம், சிரிப்பாங்க.

சிரிக்கட்டும் அண்ணா, ஆஸ்கரே சிரித்துக்கொண்டுதான் சுற்றியது. ஆனால் உங்கள் முடிவு உங்கள் முடிவு.

அப்புறம் ஒரு சொந்த வேலை. அந்த ரிசீவர் கட்டுரை அடுத்த இதழில் முடிகிறது, அது என் கட்டில் இல்லை, எனக்கு அதுதான் விட்ட இதழ். ஸ்கேனில் படித்துவிட்டேன், அச்சடித்தது தெரியும். கடைக்காரர் அதே வீட்டிலிருந்து வந்த சரக்கை அதற்கு முந்தின வாரமும் கொஞ்சம் விற்றதாகச் சொன்னார். இந்தக் குழுவில் யாராவது உக்கடத்தில் அட்டை போன ஹாம் புத்தகம் வாங்கியிருந்தால், கொஞ்சம் ஓரங்களைப் பாருங்கள். சின்ன எழுத்து, கூர் சீவின பென்சில், 'வேற' என்பதில் 'ற' கொஞ்சம் சாய்ந்து இருக்கும். புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

73.