முப்பட்டகத்தில் ஓரத்தில் மட்டும் நிறம் தெரிகிறது, நடுவில் வெள்ளை. ஏன்?

தெம்பனிஸ் அம்மா:
வணக்கம். மகள் உயர்நிலை 1 படிக்கிறாள். வெள்ளை ஒளி முப்பட்டகத்தில் ஏழு நிறமாகப் பிரிவதை வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சமபக்க முக்கோணக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மதியம் ஒரு மணிக்கு ஜன்னலோரம் வைத்தோம், ஒன்றுமே இல்லை. இரவில் கைப்பேசி டார்ச்சை ஒரு முகத்தில் நேராகப் பிடித்தோம். சுவரில் வெறும் வெள்ளை வெளிச்சம். திருப்பித் திருப்பிப் பார்த்ததில், வெள்ளைத் திட்டின் ஒரு ஓரம் சிவப்பும் மஞ்சளும், மறு ஓரம் நீலம். பச்சையைக் காணவே காணோம். சுவர் ஒரு முழத் தூரம்தான். கண்ணாடி மட்டமானதா? வேறு வாங்கணுமா? பிள்ளையின் முகம் வாடிப்போய்விட்டது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
கண்ணாடி நல்ல கண்ணாடிதான் அம்மா, மாற்ற வேண்டாம். நேராக நுழைந்த ஒளி வளையாமல் போய் அடுத்த முகத்தில் 60 டிகிரி சாய்வில் (முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால்) மோதும். கண்ணாடிக்குள்ளிருந்து ஏறக்குறைய 41 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதும் ஒளி வெளியே வராது. முழுவதும் உள்ளேயே திரும்பி, மூன்றாம் முகம் வழியாக நேராக வெளியேறிவிடும். நுழையும்போதும் வளையவில்லை, வெளியேறும்போதும் வளையவில்லை. நிறம் பிரிய வழியே இல்லை. ஒளி சாய்வாக நுழைய வேண்டும், சுமார் 50 டிகிரி.

அப்புறம் அந்த வெள்ளை நடுப்பகுதி. கண்ணாடிக்குள் ஊதா, சிவப்பைவிடச் சற்று மெதுவாகப் போகிறது, அதனால் கூடுதலாக வளைகிறது. ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்) சிவப்புக்கு ஏறக்குறைய 1.514, ஊதாவுக்கு 1.530. ஒளி மொத்தம் 39 டிகிரி வளையும்போது இரண்டுக்கும் இடைவெளி ஒன்றரை டிகிரிகூட இல்லை. ஒரு முழத் தூரத்தில் அது ஒரு சென்டிமீட்டர்தான். ஒளிக்கற்றையே மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருந்தால், எல்லா நிறத் திட்டுகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறுபடி வெள்ளையாகிவிடும். ஒன்றோடொன்று சேராத ஓரங்களைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

கறுப்பு வேன்கார்டு ஷீட்டில் (தடித்த அட்டை) 2 மில்லிமீட்டர் பிளவு வெட்டுங்கள். பிளவும் பட்டகத்தின் விளிம்பும் ஒரே வாக்கில் இருக்கட்டும். சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் நிறமாலை, அதாவது நிறங்களின் பட்டை, 7 சென்டிமீட்டருக்கு விரியும். நியூட்டனும் ஜன்னல் கதவில் சிறு துளை போட்டு, 22 அடி தள்ளியிருந்த சுவரில்தான் பார்த்தார். 1672-இல் எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார்.

பள்ளி ஆய்வக உதவியாளர்:
சார் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன் அக்கா. நம் சிங்கப்பூரில் மதியம் ஒரு மணிக்குச் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும், வெயில் வீட்டுக்குள் வராது. கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் காலை எட்டரை, ஒன்பது மணிக்குச் செய்யுங்கள். இரண்டு அடுக்குப் புத்தகங்களுக்கு நடுவில் பட்டகத்தைப் படுக்கையாக, ஒரு விளிம்பு கீழே பார்க்கும்படி வையுங்கள். சாய்ந்து இறங்கும் வெயில் மேல்நோக்கி வளைந்து எதிர்ச்சுவருக்குப் போகும். இப்போது பட்டகத்தை மெதுவாக உருட்டுங்கள். நிறத்திட்டு கீழே இறங்கும், ஒரு இடத்தில் நிற்கும், பிறகு மேலே ஏறும். மிகத் தாழ்ந்த அந்த இடத்தில் நிறுத்தினால் நிறங்கள் தெளிவாக இருக்கும். பட்டகம் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தெம்பனிஸ் அம்மா:
வந்துவிட்டது! இன்று காலை 8:45க்கு, திரைச்சீலையை மூடி, அட்டைப் பிளவு வழியாக மட்டும் வெயிலை விட்டோம். அடியில் சிவப்பு, உச்சியில் ஊதா. நடுவில் பச்சை, அவ்வளவு பளிச்சென்று! சுவரில் காகிதம் ஒட்டி மகள் பென்சிலால் எல்லை போட்டாள். மஞ்சள் ஒரு மெல்லிய கீற்றுதான். நீலமும் ஊதாவும் அகலமாகப் பரந்திருக்கின்றன. இப்போது அவளுக்கு அடுத்த கேள்வி: ஜன்னல் கண்ணாடியும் கண்ணாடிதானே, அது ஏன் நிறம் பிரிப்பதில்லை?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
அருமையான கேள்வி. அங்கேயும் பிரிகிறது. ஆனால் ஜன்னல் கண்ணாடியின் இரண்டு முகங்களும் இணையானவை. முதல் முகம் வளைத்த அளவை இரண்டாம் முகம் எதிர்ப்பக்கம் வளைத்துச் சரிசெய்துவிடும். நிறங்கள் எல்லாம் ஒரே திசையில், மயிரிழை விலகலோடு வெளியேறுவதால் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும். பட்டகத்தில் முகங்கள் சாய்ந்திருப்பதால் இரண்டாம் முகமும் அதே பக்கம் வளைக்கிறது. அந்தப் பென்சில் கோட்டுக் காகிதத்தில் தேதி போட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.