வெளிச்சத்தைக் கண்டேன், பட்டியலைச் சொல்லத் தெரியவில்லை

தொடங்கியவர்:

பௌத்தப் பயிற்சியில் தன் அனுபவம் பெரிதா, நூல் பெரிதா என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுவதால், யாங்கூனில் ஒரு தியான நிலையத்தில் எனக்கு நேர்ந்ததை எழுதிவைக்க விரும்புகிறேன். பர்மியப் பிக்கு மகாசி சயாடோ (1904–1982) வகுத்த முறையில் பயிற்சி நடக்கும் இடம் அது. ஒரு மணி நேரம் அமர்வு, ஒரு மணி நேரம் நடை என்று நாள் முழுவதும் மாறி மாறி வரும். அமரும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும், நடக்கும்போது காலைத் தூக்குவதையும் நகர்த்துவதையும் வைப்பதையும் மனத்துக்குள் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் உணவு கிடையாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆசிரியப் பிக்குவிடம் (அவரையும் சயாடோ என்றே அழைப்பார்கள்) சென்று, கண்டதைச் சில வாக்கியங்களில் சொல்ல வேண்டும். எனக்கும் சயாடோவுக்கும் இடையே மொழிபெயர்த்தவர் யாங்கூனிலேயே பிறந்து வளர்ந்த, வயதான ஒரு தமிழ் அம்மா.

மூன்றாவது வாரத்தில், விடிவதற்கு முந்தைய அமர்வில், மூடிய கண்களுக்குள் வெளிச்சம் பரவியது. உடலின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. காரணமின்றிக் கண்ணீர் வழிந்தது. அன்று முழுவதும், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தால்கூட அன்பு பொங்கியது. அடைய வேண்டியதை அடைந்துவிட்டேன் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஐயத்தின் சாயல்கூட இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

மறுநாள் சயாடோவிடம் நீளமாகப் பேசினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: வெளிச்சம் வந்தபோது அதை "வெளிச்சம், வெளிச்சம்" என்று குறித்தீர்களா? குறிக்கவில்லை என்றேன். அப்படியானால் போய்க் குறியுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நூலில் இருப்பதால் ஒன்றை ஏற்காதீர்கள், நீங்களே அறிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொல்லவில்லையா, நான் நேரில் அறிந்ததை நீங்கள் ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா சற்றுத் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். பதில் வந்தது: "தம்பி, இவற்றால் மட்டும் ஏற்காதீர்கள் என்று காலாமர்களுக்குச் சொன்ன அந்தப் பத்தையும் வரிசையாகச் சொல்லச் சொல்கிறார்."

எனக்கு நான்குதான் தெரிந்திருந்தது: கேள்விப்பட்டது, பரம்பரையாக வந்தது, நூலில் இருப்பது, ஆசிரியர் சொன்னது. அதாவது, பிறரிடமிருந்து வருபவை மட்டுமே எனக்கு நினைவில் இருந்தன. நிலையத்தின் நூலகத்தில், அந்தச் சூத்திரம் உள்ள அங்குத்தர நிகாயம் என்னும் தொகுப்பை எடுத்துப் பார்த்தபோதுதான் மற்றவற்றைக் கண்டேன். தருக்கத்தால் கொண்டது, அனுமானத்தால் கொண்டது, காரணங்களை எண்ணிப் பார்த்துக் கொண்டது, சிந்தித்தபின் மனத்துக்கு ஒத்துப்போன கருத்து என்று கொண்டது ஆகியவையும் அதே பட்டியலில், அதே தொனியில், "இதனால் மட்டும் ஏற்காதீர்கள்" என்று விலக்கப்பட்டிருந்தன. அது மட்டுமன்று, நீங்களே அறிந்துகொள்ளுங்கள் என்று சொல்லும் இடத்திலேயே, அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள், எதைப் புகழ்கிறார்கள் என்பதையும் பார்க்கச் சொல்கிறது சூத்திரம். நான் கேடயமாகத் தூக்கிச் சென்ற நூலை நான் முழுதாக வாசித்திருக்கவில்லை. நூலை நம்ப வேண்டாம் என்பதற்கு நூலையே சான்று காட்டினேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அதே அலமாரியில் விசுத்திமக்கம் இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய அந்நூல், உள்நோக்கு முதிரத் தொடங்கும் கட்டத்தில் தோன்றும் பத்து மாசுகளைச் சொல்கிறது. முதலாவது ஒளி. தொடர்ந்து ஞானம், பரவசம், அமைதி, இன்பம், உறுதியான நம்பிக்கை, முயற்சி, விழிப்பு, சமநிலை ஆகியவை வருகின்றன. பத்தாவது, இவை அனைத்தின் மீதும் படியும் நுண்ணிய பற்று. முதல் ஒன்பதும் தம்மளவில் குற்றமுள்ளவை அல்ல. இவற்றைக் கண்டவர் பாதையை அடைந்துவிட்டதாக எண்ணிக் கவனிப்பதை விட்டுவிடுவதுதான் கேடு. 1,500 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒருவர் என் முந்தைய நாளைப் பக்கத்திலிருந்து பார்த்ததுபோல் இருந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் "நூலே வென்றது" என்று எழுதியிருப்பேன். இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் அங்கே சென்றேன். இம்முறை, பயிற்சி முதிர முதிரத் தோன்றுவதாக நூல்கள் சொல்லும் பதினாறு ஞானப் படிகளையும் படித்துவிட்டுத்தான் போனேன். எழுச்சியும் மறைவும் காண்பது, பிறகு கலைந்துபோவதை மட்டும் காண்பது, பிறகு அச்சம் என்று எல்லாம் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே எனக்கு வந்தன. சயாடோவிடம், அந்நூல்களின் மொழியான பாலிச் சொற்களிலேயே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாலிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் அதைச் சொல்லுங்கள் என்றார். வயிற்றில் என்ன தெரிந்தது, பாதத்தில் என்ன தெரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என்னால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை.

கண்டியில் வசிக்கும் உறுப்பினர்:

உங்கள் முதல் அனுபவத்தைப் படித்ததும், இங்கே ஒரு விகாரையில் முதிய தேரர் (மூத்த பிக்கு) ஒருவர் எனக்குச் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அதுவும் நீங்கள் சொன்ன விசுத்திமக்கத்தில் அதே பகுதியில்தான் உள்ளது. உச்சவாலிகத்தில் வாழ்ந்த மகாநாகத் தேரர் அறுபது ஆண்டுகளாகத் தம்மை அருகர், அதாவது மாசுகள் அற்று முழு விடுதலை அடைந்தவர், என்றே எண்ணியிருந்தார். அவருடைய மாணவர் தம்மதின்னர், ஆசிரியர் இன்னும் கரை சேரவில்லை என்பதை உணர்ந்து அவரிடம் சென்று கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தது. பிறகு, ஒரு யானையைச் சித்தியால் உருவாக்குங்கள் என்றார். உருவான யானை துதிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு நேராக ஓடிவரும்படி செய்யச் சொன்னார். தாமே உருவாக்கிய யானையைக் கண்டு தேரர் எழுந்து ஓடத் தொடங்கினார். மாணவர் அவருடைய சீவர ஆடையின் ஓரத்தைப் பிடித்து, மாசுகள் அற்றவருக்கு அச்சம் உண்டா என்று கேட்டார். தேரர் அந்த இடத்திலேயே அமர்ந்து, எனக்குத் துணை செய் என்று தம் மாணவரிடம் வேண்டினார்.

எனக்கு இக்கதை சொல்லப்பட்டது, நான் என் தியானத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிய ஒரு மாலையில். நூலறிவும் மகாநாகரிடம் இருந்தது, அறுபது ஆண்டு அனுபவமும் இருந்தது. இரண்டும் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை, யானைதான் சொன்னது என்று, எனக்குக் கதை சொன்ன தேரர் சிரித்தார்.

நூலின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே மாத்தளையில் அலு விகாரை இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அரசன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த திரிபிடகம் என்னும் பௌத்த மறைநூல் தொகுதி அங்கேதான் எழுத்தில் ஏறியது என்பது மரபு. கொடும் பஞ்சத்தில் மனப்பாடம் செய்திருந்த பிக்குகள் பலர் மடிந்த காலம் அது. சாசனத்துக்கு (புத்தரின் போதனை மரபுக்கு) வேர் நூற்கல்வியா, பயிற்சியா என்று பிக்குகளிடையே அப்போது ஒரு வாதம் எழுந்து, கல்வியே வேர் என்று முடிவானதாக அங்குத்தர நிகாய உரை சொல்கிறது. ஆயிரம் காளைகள் இருந்தாலும் ஒரு பசு இல்லாவிட்டால் வழிமுறை அற்றுப்போகும் என்பதே அவர்கள் காட்டிய உவமை. பயிற்சியாளனான எனக்கு அந்த முடிவு முதலில் கசந்தது. அலு விகாரைக் குகையில் நின்றபோது, பஞ்சத்தில் செத்தவர்களுடன் எத்தனை சூத்திரங்கள் செத்திருக்கும் என்று எண்ணினேன், கசப்பு போய்விட்டது.

மகாசி முறை 1950களில் இலங்கைக்கு வந்தபோது, வயிற்றைக் கவனிப்பது எந்தச் சூத்திரத்தில் இருக்கிறது என்று இங்குள்ள கற்ற பிக்குகள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். வயிற்றின் அசைவு காற்று என்னும் பூதத்தின் இயல்பு, பூதங்களைக் கவனிப்பது, விழிப்புணர்வைப் பற்றிய சதிபட்டான சூத்திரத்தில் உள்ளதுதான் என்பது மறுதரப்பின் விடை. அனுபவத்தைப் போற்றிய தரப்பும் நூலைக் காட்டித்தான் வாதிட்டது. 1954இல் யாங்கூனில் தொடங்கிய, திரிபிடகத்தை ஓதிச் சரிபார்த்த ஆறாவது சங்காயனத்தில் (பிக்குகளின் பேரவையில்) கேள்வி கேட்கும் பொறுப்பை ஏற்றவரே மகாசி சயாடோ என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

சென்னை உறுப்பினர்:

நான் தியானத்தின் வழியாக வந்தவன் அல்லன். எங்கள் வீட்டில் பௌத்தம் அம்பேத்கரின் வழியாக வந்தது. அறிவுக்கும் தருக்கத்துக்கும் ஒத்துவருவதைப் புத்தரின் சொல்லாகக் கொள்ளலாம் என்பது அவர் வைத்த அளவுகோல். நீங்கள் காட்டிய காலாமர் பட்டியலில் தருக்கமும் விலக்கப்பட்டிருப்பதைப் படித்து எனக்கு உண்மையாகவே மனம் கலங்கியது. அந்த வாதத்தை நான் இன்னும் விட்டுவிடவில்லை.

என் அனுபவம் சிறியது. மறுபிறப்பை நான் கண்டதில்லை, தருக்கத்தாலும் அதை நிறுவ முடியவில்லை, நூலில் இருக்கிறது என்பதற்காக ஏற்க வேண்டுமா என்று ஒரு பிக்குவிடம் கேட்டேன். ஏற்கவோ மறுக்கவோ சொல்லாமல் அவர் சங்கி சூத்திரத்தைக் காட்டினார். "இது என் நம்பிக்கை" என்று மட்டும் சொல்பவன் உண்மையைக் காக்கிறான். "இதுவே உண்மை, மற்றவை பொய்" என்ற முடிவுக்கு அவன் இன்னும் வருவதில்லை. கேள்விப்பட்டதற்கும், சிந்தித்துக் கொண்ட கருத்துக்கும் அங்கே இதே விதிதான். அப்படியானால் "நான் இன்னும் காணவில்லை" என்று சொல்லலாமா என்றேன். தாராளமாகச் சொல்லலாம், "இல்லை" என்று மட்டும் அதை மாற்றிவிடாதீர்கள் என்றார்.

தொடங்கியவர்:

சென்னை நண்பருக்கு: உங்கள் பிக்கு சொன்னதைத் திருப்பி என்மீதே வைத்துப் பார்க்கிறேன். "வெளிச்சம் தெரிந்தது" என்பதோடு நான் நின்றிருந்தால் சயாடோவுடன் எனக்கு எந்த வழக்கும் இருந்திருக்காது. பிரமசால சூத்திரம் எண்ணும் 62 கருத்துகளில் சில, தியானத்தில் முற்பிறவிகளை நினைவுகூர்ந்தவர்கள் வந்தடைந்த முடிவுகள். அவர்கள் நினைவுகூர்ந்ததைச் சூத்திரம் மறுக்கவில்லை, ஆன்மாவும் உலகும் நிலையானவை என்று அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவைத்தான் மறுக்கிறது. தருக்கத்தைப் பற்றிய உங்கள் கலக்கத்துக்கு என்னிடம் விடை இல்லை. சூத்திரமே தருக்கத்தால்தானே காலாமர்களோடு பேசுகிறது என்று நானும் அவ்வப்போது நினைப்பதுண்டு.

கண்டி நண்பருக்கு: யானைக்கு நன்றி. வெளிச்சத்தைக் கண்ட அதே வாரத்தில், என் இருக்கைத் துணியை யாரோ மாற்றிப் போட்டதற்காக நான் பொருமினேன் என்பதை முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

பயிற்சி நாட்களில் எழுதக் கூடாது என்பதால், முடிந்து வீடு திரும்பியபின் ஒரு குறிப்பேட்டில் எழுதுவது என் வழக்கம். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் கோடிட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: இடப்பக்கம் நேர்ந்தது, வலப்பக்கம் நான் அதற்கு இட்ட பெயர். இவ்வளவுக்குப் பிறகும் வலப்பக்கம்தான் முதலில் நிரம்புகிறது.