படகில் பிறந்த கொள்ளுப்பாட்டியை எப்படித் தேடுவது?

கேள்வி:
என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய கொள்ளுப்பாட்டி 1880-களில் இங்கிலாந்தில் ஒரு சரக்குப் படகின் சின்ன அறையில் பிறந்தவர். அப்பா கிராண்ட் ஜங்ஷன் கால்வாயில் நிலக்கரி ஏற்றிச் சென்றவர். மூத்த பிள்ளைக்கு பிரான்ஸ்டனில் ஞானஸ்நானம், அடுத்ததற்கு பிரென்ட்ஃபோர்டில். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பமே காணவில்லை. மாமியாருக்கு வயதாகிவிட்டது, அவர் இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்ல ஆசை.

பதில் 1:
கணக்கெடுப்பு நடந்த இரவில் படகு எங்கே கட்டியிருந்ததோ, அந்த ஊர்க் கணக்கில்தான் வருவார்கள். வீடுகளுக்குப் பிறகு, கடைசித் தாள்களில் படகுகளைப் பாருங்கள். குடும்பப் பெயரை நம்பவேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

பதில் 2:
1877-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடும்பம் குடியிருந்த படகுகளைப் பதிவு செய்யவேண்டியிருந்தது. அந்தப் பதிவேடுகளில் எஞ்சியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. உரிமையாளர், படகோட்டி, எத்தனை பேர் தங்கலாம், எல்லாம் இருக்கும். படகுக்கு ஒரு 'சொந்த ஊர்' குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளின் பள்ளிக் கணக்கு அந்த ஊரில்தான். எனக்கு அதுதான் வழி காட்டியது. ஞானஸ்நானப் பதிவில் படகின் பெயர் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
இல்லை. 'படகோட்டி' என்று மட்டும் இருக்கிறது. ஆனால் கொள்ளுப்பாட்டியின் பிறப்புச் சான்றிதழை இன்னும் வாங்கவே இல்லை! பிறந்த இடத்தில் படகின் பெயர் எழுதியிருக்கலாம் அல்லவா? இன்றே விண்ணப்பிக்கிறேன்.