ராகிங் புகார் கொடுத்தவர்களே, அப்புறம் என்ன ஆச்சு?

உசிலம்பட்டிக்காரன்:
திருமங்கலம் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல். ராத்திரி இன்ட்ரோ, அதாவது அறிமுகம் என்ற பெயரில் சீனியர்கள் கூப்பிட்டு நடத்தும் ராகிங். ஒரு சீனியர் ரூம்மேட்டுக்குக் காதில் விட்ட அறையில் சவ்வு கிழிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தோம். அடித்ததைக்கூட மறந்துவிடலாம், பிரின்சிபால் ரூம்தான் மறக்க மாட்டேன் என்கிறது. சீனியரின் அப்பாவுக்கு நாற்காலி, டீ. ரூம்மேட்டின் அப்பா மஞ்சப்பையோடு நின்றுகொண்டே இருந்தார். "விளையாட்டாக நடந்தது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்று டைப் அடித்த தாள் ஏற்கெனவே மேஜையில் தயார். "பையன் எதிர்காலம் பாழாயிரும்ல, பாத்துக்கங்க" என்றார் பிரின்சிபால். எந்தப் பையன் என்று சொல்லவில்லை. பையைக் கீழே வைக்கத் தோன்றாமல், பேனா மூடியைப் பல்லால் கழற்றிக் கையெழுத்துப் போட்டார் அந்த மனுஷன்.

மெஸ் டோக்கன்:
கையெழுத்துப் போட்டால் முடிந்துபோச்சா? 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு. 2 வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை கிடைத்தால் காலேஜை விட்டு நீக்க வேண்டும், வேறு காலேஜிலும் சேர்க்கக் கூடாது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத பிரின்சிபாலும் குற்றத்துக்கு உடந்தைதான், சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தாளை நீட்டியவர் மேலேயே கேஸ் போட்டிருக்கலாம்.

தல்லாகுளம் சீனியர்:
எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் தம்பி. நான் படித்தது 80-களில். என்னை டேபிள் மேல் ஏற்றிப் பாடச் சொன்னார்கள். பாடச் சொன்னவர்தான் பிற்பாடு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். இப்போது தொட்டதற்கெல்லாம் போலீஸ்.

ஆரப்பாளையம் அக்கா:
ஐயா, வேலை கிடைத்தவர் கதை சொல்ல வருவார். நாவரசு வருவாரா? 1996-ல் சிதம்பரத்தில் ராகிங்கில் சீனியரால் கொல்லப்பட்ட மருத்துவ முதலாண்டு மாணவர். அப்பா சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அவர் மகனுக்கே அந்தக் கதி. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டமே. கொன்ற சீனியரை ஹைகோர்ட் விடுதலை செய்து, கடைசியில் 2011-ல் சுப்ரீம் கோர்ட் கீழ்கோர்ட் தந்த ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பெற்றவர்கள் அத்தனை வருஷம் காத்திருந்தார்கள்.

என் கதை சின்னது. மகளைச் சேர்க்கும்போது ராகிங் உறுதிமொழியை ஆன்லைனில் போடச் சொன்னார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் பையன், நான் படிக்கிறதுக்கு முன்னாடியே டிக் பண்ணி பிரிண்ட் எடுத்துவிட்டான். "எல்லாரும் இப்படித்தான்க்கா."

சரி, பிள்ளைகளை ஹாஸ்டலில் விடுபவர்களுக்கு: அடிபட்டால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், யார் அடித்தார்கள், எங்கே என்று டாக்டரிடம் சொல்லி ஏ.ஆர். (விபத்து, அடிதடிக் காயங்களை ஆஸ்பத்திரியில் எழுதி வைக்கும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) பதிவு போடச் சொல்லுங்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லவே கூடாது, வார்டன் கூடவே வந்தால் கட்டாயம் அப்படித்தான் சொல்லச் சொல்வார். வாட்ஸ்அப் மெசேஜை அழிக்க வேண்டாம். புகார் இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு சீல். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ராகிங் ஹெல்ப்லைன் 1800-180-5522-க்கும் போன் போடுங்கள். யுஜிசியின் 2009 விதிப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காலேஜே போலீசில் எஃப்ஐஆர் பதிய வைக்க வேண்டும். "கமிட்டி கூடட்டும்" என்று ஒரு வாரம் இழுத்தால் நீங்களே ஸ்டேஷனுக்குப் போங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
அக்கா, நல்ல யோசனைதான். டோக்கன், கேஸ் போடலாம் என்கிறீர்கள். இன்டர்னல் மார்க் யார் கையில்? இன்னும் மூணு வருஷம் அதே ஹாஸ்டலில் யார் படுப்பது? ரூம்மேட் செமஸ்டர் முடிந்ததும் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடித்தவன் அதே காலேஜில் கேம்பஸில் செலக்ட் ஆனான்.

தல்லாகுளம் சீனியர்:
அடித்ததை நான் எங்கே நியாயப்படுத்தினேன்? பாட்டுப் பாடச் சொல்வதும் குற்றமா என்றுதான் கேட்கிறேன்.

மெஸ் டோக்கன்:
ஆமாம், குற்றம்தான். ஒரு மாணவர் சாதாரணமாகத் தானே விரும்பிச் செய்யாத எதையும் செய்யச் சொன்னாலே ராகிங் என்று அதே சட்டம் சொல்கிறது. டேபிள் மேல் நீங்களாகவா ஏறினீர்கள்?