ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறார்? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

தாழ்வாரம்:

போன ஞாயிறு மச்சான் வீட்டில் சாப்பாடு. பேச்சு எப்படியோ இந்தப் பக்கம் திரும்பியது. “சிங்கப்பூர்ல ஏழைன்னு யாரு இருக்கா? சோம்பேறிதான் இருக்கான்” என்றார். பிரியாணியை வாயில் வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். அதுவும் போக, சில வருடங்களுக்கு முன் நானே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் இந்த இணைய மன்றத்தில் கேட்கிறேன். கருத்து வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2019. புக்கிட் மேரா பக்கம் வாடகை வீட்டு புளோக் ஒன்றில், தொடக்கநிலை 4 படிக்கும் பையனுக்குச் சனிக்கிழமை மாலை கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். முதல் நாளே பையன் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். “உள்ள சூடா இருக்கு சார்.” சரி என்று தாழ்வார விளக்குக்குக் கீழே உட்கார்ந்து பின்னம் போட்டோம். மூன்றாவது வாரம் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். கும்மிருட்டு. மின்விசிறி நின்றிருந்தது. சுவரில் இருந்த சின்ன மீட்டரில் பூஜ்யம்.

மின்கட்டணம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்த வீடுகளில், கைத்தொலைபேசிக்குக் காசு போடுவதுபோல முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டரை வைத்துவிடுவார்கள். போடுகிற காசில் ஒரு பங்கு பழைய பாக்கிக்குப் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் விளக்குக்கும் விசிறிக்கும். தாழ்வார விளக்கு இலவசம். பையன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்.

அம்மா ராஃபிள்ஸ் பிளேசில் ஓர் அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்பவர். விடிவதற்குள் முதல் பேருந்து. சாயங்காலம் இன்னோர் இடத்தில் பாத்திரம் கழுவும் வேலை. இவரைச் சோம்பேறி என்றால் நானெல்லாம் யார் என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், ஏழைக்கு எல்லாமே விலை அதிகம். குளிர்பெட்டி எப்போது நிற்கும் என்று தெரியாததால் கோழியோ பாலோ மொத்தமாக வாங்கி வைக்க முடியாது. கையில் பத்து வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) இருப்பதால் பெரிய அரிசி மூட்டை மலிவு விலைக்கு வந்தாலும் தூக்க முடியாது. எல்லாம் கீழே மாமா கடையில், சின்னச் சின்னப் பொட்டலமாக.

இரண்டாவது பாடம் வாடகை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈரறை வாடகை வீட்டில், அரசு வீட்டுச் சலுகையை முதன்முறையாகப் பெறுபவர்களுக்கு, குடும்ப வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால் மாதம் 44 முதல் 75 வெள்ளிதான். இதை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் வருமானம் 801-ஐத் தொட்டு 1,500-க்குள் இருந்தால் அதே வீடு 123 முதல் 165 வெள்ளி. அந்த அம்மா பகுதிநேர வேலையை விட்டு முழுநேரத்துக்குப் போனார். சம்பளம் ஏறியது. கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையும் ஏறியது. “சம்பளம் ஏறுனா சந்தோஷப்படணும் தம்பி. எனக்கு வயித்தக் கலக்குது” என்றார்.

உதவியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித் திட்டம் காம்கேர் 2005-லிருந்து இருக்கிறது, குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசு கூடுதலாகத் தரும் வேலைநலன் துணை வருமானம் 2007-லிருந்து. இந்தியர்களுக்கான உதவி அமைப்பு சிண்டா இருக்கிறது, குடும்ப சேவை நிலையங்கள் இருக்கின்றன. என் புகார் ஒன்றே ஒன்றுதான். உதவி வரும்போது மெதுவாக வருகிறது, போகும்போது சட்டென்று போகிறது. அது தலைகீழாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மச்சானுக்குச் சொல்ல நினைத்தேன். படிப்படியாக உயரும் சம்பள முறை 2014-ல் துப்புரவு வேலைக்கு வந்தபோது அடிப்படை 1,000 வெள்ளி. 2023 ஜூலையில் 1,570. அதே பெண், அதே துடைப்பம். நடுவில் அவர் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டாரா என்ன?

பழைய துறைமுகத்தான்:

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் ஒன்பது பேரோடு வளர்ந்தவன். மீட்டர் என்ன மீட்டர், மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். யாரும் எங்களுக்குப் படிவம் கொடுக்கவில்லை.

நேரில் பார்த்ததைச் சொல்லச் சொன்னாய் அல்லவா, கேட்டுக்கொள். என் பக்கத்து வீட்டுக்காரன். நல்ல சம்பளம். புதன், சனி, ஞாயிறு, மூன்று நாளும் ஃபோர்டி (நான்கு இலக்க லாட்டரி) வரிசையில் நிற்பான். சம்பளம் வந்த வாரமே பாதி போய்விடும். உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம் வாங்கினான். மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று அவர்களுக்கு 2015-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. அங்கே கதவு மூடியதும் ஆ லோங்கிடம் போனான், உரிமம் இல்லாத வட்டிக்காரன், கட்டாவிட்டால் கதவில் சாயம் ஊற்ற ஆள் அனுப்புவான். ஒரு நாள் காலையில் பார்த்தால் கதவெல்லாம் சிவப்புச் சாயம். அவன் கதவில்லை, என் கதவு. வீட்டு எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். தேய்த்துத் தேய்த்து எனக்கும் என் மனைவிக்கும் கை போய்விட்டது. இவனுக்கும் சமுதாயம்தான் காரணமா?

பாசிர் ரிஸ் அக்கா:

அண்ணே, உங்கள் கதவை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சூதாடிக் கெட்டவர்கள் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பணக்காரரும் சூதாடுகிறார், அவர் கதவில் யாரும் சாயம் ஊற்றுவதில்லை. தப்புச் செய்துவிட்டு எழுந்து நிற்க ஒருவரிடம் காசு இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. ஒன்று கேட்கிறேன், உங்கள் அப்பா முதல் வீடு என்ன விலைக்கு வாங்கினார்? யோசித்துச் சொல்லுங்கள்.

நான் பத்து வருடமாகக் கோயில் குழுவோடு வாடகை வீடுகளுக்கு மளிகைப் பை கொண்டுபோகிறவள். ஒரு தாத்தா. எழுபத்தைந்து இருக்கும். ஓரறை வீட்டை முன்பின் தெரியாத இன்னொருவரோடு பகிர்ந்திருந்தார். தனியாட்கள் இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் திட்டம். தரையில் நடுவே ஒட்டுநாடா. இந்தப் பக்கம் இவர் கட்டில், அந்தப் பக்கம் அவர் கட்டில். இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. மின்விசிறி மட்டும் பொது, அது அந்தப் பக்கம் திரும்பும்போது தாத்தா முகம் சுளிப்பார்.

அட்டைப் பெட்டி பொறுக்கி விற்பார். கிலோவுக்குப் பத்துக் காசு கிடைத்தால் அன்று நல்ல நாள். இதை உடற்பயிற்சி மாதிரி சிலர் செய்கிறார்கள் என்று 2015-ல் ஒரு பேச்சு எழுந்து பெரிய வாக்குவாதமானது நினைவிருக்கும். அப்படி ஒருவர் இருக்கலாம். நான் பார்த்தவர் முட்டி வலியோடு தள்ளுவண்டியைத் தள்ளினார்.

நீண்டகால உதவிக்கு எழுதிப்போட அவரை அழைத்துக்கொண்டு போனேன். மசேநி (மத்திய சேம நிதி) கணக்கு, வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஒரு மகன், பேச்சுவார்த்தை இல்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995-ல் வந்தது, மகன் மேல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நான்தான் வாயை விட்டேன். தாத்தா எழுந்தே விட்டார். “எம்புள்ள எனக்குச் சோறு போடலன்னு நாலு பேரு முன்னால போய் சொல்லவா? அதுக்கு நான் அட்ட பொறுக்கியே சாவுறேன்.” பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அவர் பின்னால் நான் ஓடியது, பேருந்து நிறுத்தத்தில் கெஞ்சியது எல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே வெட்கம். அவருக்குச் சோறு வாங்கிக் கொடுக்கப் போய் மானத்தைக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் குடும்ப சேவை நிலையத்தில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், பொறுமையாக மகனைத் தேடிப் பிடித்தாள். கெட்டவன் என்று நினைத்திருந்தோம். சரக்கு வேன் ஓட்டுகிறான், மூன்று பிள்ளைகள், அவனும் வாடகை வீடு. அப்பாவைப் பார்க்கப் போனால் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும், கொடுக்க இல்லை, அதனால் போகவில்லை. இவ்வளவுதான் அந்தப் ‘பேச்சுவார்த்தை இல்லை’. தன்னால் கொடுக்க முடியாது என்று மகன் கடிதம் எழுதிக் கொடுத்தான், உதவி வந்தது. எத்தனையோ வாரம் ஆனது.

லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 65 வயதுக்கு மேல் தனியாக வாழ்பவர் இங்கே ஓரளவு கண்ணியமாக இருக்க மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று. வெறும் சோறு, கூரை மட்டுமல்ல, கல்யாண வீட்டுக்கு மொய் வைப்பது மாதிரியான செலவும் சேர்த்து. அரசாங்கம் வறுமைக்கோடு என்று ஒன்றை அதிகாரபூர்வமாக வைப்பதில்லை. கோடு போட்டால் அதற்கு ஒரு வெள்ளி மேலே இருப்பவர் விடுபட்டுப் போவார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தாத்தாவுக்கு எவ்வளவு குறைகிறது என்று சொல்ல எனக்கு ஒரு எண் தேவைப்பட்டது, அதை ஆய்வாளர்கள்தான் கொடுத்தார்கள்.

மண்வெட்டி:

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. அறந்தாங்கிப் பக்கம். நீங்கள் சொல்லும் ஏழைகள் கணக்கில் நாங்கள் வரமாட்டோம், நாங்கள் ஊரிலிருந்து வேலைக்கு வந்த விருந்தாளிகள். இருந்தாலும் சொல்கிறேன்.

2013 கடைசியில் வந்தேன். ஏஜெண்டுக்கு மூன்றரை லட்சம். அப்பா மூன்று வட்டிக்கு வாங்கினார். மாதம் 10,500 ரூபாய் வட்டி மட்டும், அன்றைய விலைக்கு இருநூறு வெள்ளிக்குச் சற்று மேல். எனக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை பார்த்தால் 468. கூட்டிப் பாருங்கள், ஓவர்டைம் கிடைக்காத மாதம் அசலில் ஒரு ரூபாய் குறையாது. ஏஜெண்டு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஊரில் காசு வாங்கியவனை அது தொடாது.

எட்டாவது மாதம் விரல் நசுங்கியது. வேலை இல்லை, இழப்பீட்டுக்குக் காத்திருக்க ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதிச் சீட்டு, அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. லிட்டில் இந்தியாவில் 2008-லிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு சாப்பாடு கொடுக்கிறது. அங்கே வரிசையில் தட்டோடு நிற்கும்போது அப்பா கூப்பிடுவார். பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள், சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று கேட்கிறார்கள் என்பார். சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறேன் என்பேன். பொய் இல்லையே.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆள் வேண்டும் என்கிறவர் ஏஜெண்டுக் காசைக் கொடுக்கட்டும். நான் சும்மா வந்திருந்தால் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குக் காசு போயிருக்கும். இப்போது பரவாயில்லை, சூப்பர்வைசராக இருக்கிறேன். விரல் மட்டும் மடங்காது.

சுண்ணாம்புக்கட்டி:

ஆசிரியை. எந்தப் பள்ளி என்று வேண்டாம்.

உயர்நிலை 1 மாணவி ஒருத்தி இடைவேளையில் நூலகத்திலேயே இருப்பாள். சாப்பிடவில்லையா என்றால் “டயட் டீச்சர்” என்பாள். பதின்மூன்று வயது, குச்சி மாதிரி இருப்பாள். நிதியுதவிப் படிவம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் பையில் நான்காக மடித்தபடி இருந்தது. அப்பாவின் சம்பளச் சீட்டு கேட்கும் பக்கத்தோடு நின்றுவிட்டாள். அப்பா எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை எழுத ஒரு கட்டம் படிவத்தில் இல்லை, வாயால் சொல்ல அவளுக்கு மனமில்லை.

2020 ஏப்ரலில் வகுப்பு வீட்டுக்கு மாறியபோது மடிக்கணினி கடனாகக் கொடுத்தோம். காமிராவைப் போடு என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை இருக்கிறது. கணினி இருந்தது, அதை வைக்க மேசை இல்லை. சலவைத் துணிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்தாள். பின்னால் ஐந்து பேர்.

பழைய துறைமுகத்தான்:

பாசிர் ரிஸ் தங்கச்சி கேட்டதற்குப் பதில். தோ பாயோ, மூவறை, 7,800 வெள்ளி. என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் நிரந்தர வேலை. மழை வந்தாலும் கப்பல் வராவிட்டாலும் சம்பளம் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஏழு பிள்ளைகளை வளர்த்து வீடும் வாங்கினார்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். அதே ஆள் இன்றைக்குக் கைநாட்டோடு வந்து நின்றால் என்ன வேலை கிடைக்கும்? துடைப்பம்தான். பக்கத்து வீட்டுக்காரன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. என் கதவில் இன்னும் கறை இருக்கிறது.

தாழ்வாரம் தம்பி, அந்த மீட்டருக்கு வெளியாள் யாராவது காசு போட முடியுமா?

தாழ்வாரம்:

அண்ணே, அதற்குரிய அட்டை அவங்களிடம்தான் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை போகும்போது அம்மாவிடம் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டேன், தாத்தா கதை படித்த பிறகு பயமாக இருக்கிறது. பையனுக்கு இப்போது உயர்நிலைக் கணக்கு, இயற்கணிதத்தில் எனக்கே தடுமாற்றம். உங்களுக்கு வருமா?

பழைய துறைமுகத்தான்:

எக்ஸ், ஒய் எல்லாம் வராது. டாக்சி இருக்கிறது. எத்தனை மணிக்கு என்று சொல், உன்னைக் கொண்டுவந்து விடுகிறேன்.