மறு: ஸ்ப்ரூவுக்குத் தமிழ்ச்சொல்: சட்டகமா, கொடியா?

வணக்கம்.

பிளாஸ்டிக் விமான மாதிரிகளில் உதிரிகளைச் சுமந்து வரும் ஸ்ப்ரூவுக்குச் ‘சட்டகம்’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். பார்வைக்குச் சட்டகம்தான், மறுக்கவில்லை. ஆனால் உருகிய பாலிஸ்டைரீனை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும்போது அது ஓடிய வழிதான் அப்படி இறுகி நிற்கிறது. ஊட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுக் கடைசியில் வெட்டுப்படுவதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: தொப்புள்கொடி. அதனால் என் ஓட்டு ‘வார்ப்புக்கொடி’க்கு. பேச்சில் கொடி.

வார்ப்புத் தொழிலில் ஸ்ப்ரூ என்பது குழம்பு முதலில் இறங்கும் தண்டு மட்டும், கிளைகளுக்கு ரன்னர் என்று பெயர். மாதிரி செய்பவர்கள் எல்லாவற்றையும் ஸ்ப்ரூ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நமக்கும் ஒரு சொல் போதும்.

கொடி என்று வைத்தால் அடுத்த சொல் தானாக வந்து விழுகிறது. உதிரி கொடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய கேட், ‘காம்பு’. வாயில், கதவு எல்லாம் வேண்டாம். “காம்பில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டு, மிச்சத்தைக் கத்தியால் சீவு, அப்புறம் 400, 800 எண் உப்புத்தாளில் தேய்” என்றால் முதல்முறை செய்பவருக்கும் புரியும். ஒட்ட வெட்டினால் உதிரியில் குழி விழும். விமானி அறையின் தெளிந்த மூடியில் என்றால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும்.

உதிரியின் ஓரத்தில் வேண்டாமல் ஒட்டி நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை ஃப்ளாஷ் என்கிறார்கள்; அதற்குப் ‘பிசிறு’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். ரம்பமோ அரமோ பட்ட விளிம்பில் நிற்பது பிசிறு. இதுவோ, அச்சின் இரு பாதிகளும் இறுக மூடாத இடுக்கில் கசிந்து பாலேடு மாதிரி படிவது. ‘கசிவேடு’ எப்படி? அச்சு நன்றாக மூடினாலும் விழும் மெல்லிய கோட்டை ‘அச்சுவரி’ எனலாம். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். கசிவேட்டைச் சீவி எறிகிறோம். அச்சுவரியைக் கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுகிறோம்.

கொடி என்றால் தேசியக்கொடியோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை போக “கொடியைச் சோப்புநீரில் கழுவு” என்று எழுதினால், யாராவது வாலில் ஒட்ட வேண்டிய கொடிப் படத்தை முக்கிவிடுவார்கள்! எழுத்தில் முழுசாக வார்ப்புக்கொடி என்றே போடுவோம்.

அப்புறம், உதிரியை அச்சிலிருந்து தள்ளும் முளைகள் பதிக்கும் வட்டத் தடத்துக்கு ‘முளைத்தழும்பு’ வரை வந்தேன். விதை முளைக்கிற மாதிரி ஒலிக்கிறது. வேறு யாருக்காவது நல்லதாகத் தோன்றுகிறதா?